பத்தொன்பது பெயர்களும் ஒரு வாளி சாம்பாரும்

1

வெஸ்ட் வின்ட்சரில் இலைகள் நிறம் மாறத் தொடங்கினால் மற்றவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வடக்கே கிளம்புவார்கள். நான் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு ஜேக்கப் அங்கிள் ஏதாவது ஒரு நாள் அதைத் தட்டி, "மணி, இந்த ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? கல்லறைக்குப் போகணும்" என்பார். மூன்று வருஷம் கேட்டார். மூன்று வருஷமும் நான்தான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் தேடிப் போகிற பொருள் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டினேன்.

அமெரிக்காவிலிருந்து எழுதுகிறவன் பனி, ஸ்கூல் பஸ், விசா க்யூ என்று எதையாவது எழுதுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் இதுவரை அப்படித்தான் எழுதி வந்தேன், பெரிய மனுஷத் தோரணையில். இந்த முறை அதற்குக் கை வரவில்லை. போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுக் காறித் துப்பினாலும் பரவாயில்லை.

2

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். பதினோரு வயதில், இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், போலந்திலிருந்து அத்தையோடு கப்பலேறி வந்த யூதர். மற்றவர்கள் அடுத்த கப்பலில் வருவதாகப் பேச்சு. அடுத்த கப்பல் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அப்பா, அம்மா, தம்பி, தங்கைகள், சித்தப்பா வீடு, அத்தனை பேரும் போய்விட்டார்கள். யார் எங்கே எப்படிச் செத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. என் மகள் கயலுக்குச் சொன்னார். நானும் மல்லிகாவும் வேலையிலிருந்து திரும்ப ஆறு மணியாகும். டேகேரில் இடம் கிடைக்காமல் முழித்துக்கொண்டிருந்தபோது, "குழந்தை என் வீட்ல உக்காரட்டுமே, எனக்கு என்ன வேலை இருக்கு?" என்றார். இரண்டாம் வகுப்பிலிருந்து அவள் சாயங்காலங்கள் அங்கேதான். அவர்களுக்கு மாமிசத்தில் ஆயிரம் கட்டுப்பாடு; எங்கள் வீட்டில் அது சமைப்பதில்லை என்று தெரிந்த பிறகு, மல்லிகா கொடுத்தனுப்பும் இட்லியையும் சாம்பாரையும் காகிதத் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். காரத்தில் கண்ணில் தண்ணீர் வரும், ஆனாலும் நிறுத்த மாட்டார்.

ஒரு நாள் கயல் ஓடி விளையாடும்போது தரையில் அடுக்கியிருந்த அவருடைய புத்தகத்தில் கால் பட்டுவிட்டதாம். சட்டென்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்ததுதான். நான்தான் அங்கே வாத்தியார். அவர் அன்று மாலையே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மணி, எங்கள்ல புத்தகம் கீழ விழுந்தா எடுத்து முத்தம் குடுப்போம். உன் பொண்ணு கண்ல ஒத்திக்கிறா. யார் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் அங்கிள்," என்றேன். அப்போது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்குச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

யூதர்கள் கடவுளின் பெயர் அச்சான புத்தகத்தைக் குப்பையில் போட மாட்டார்கள், எரிக்க மாட்டார்கள். கிழிந்து நைந்து உபயோகமில்லாமல் போனால் ஜெபாலயத்தில் சேர்ப்பார்கள். சேர்ந்ததையெல்லாம் மொத்தமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், செத்த மனிதரைப் புதைப்பதுபோலவே குழி வெட்டிப் புதைப்பார்கள். புத்தகத்துக்குச் சாவு உண்டு என்றால் மரியாதையும் உண்டு என்பது அவர்கள் எண்ணம். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. தமிழ் வகுப்பில்கூட இதைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கினேன்.

3

ஜேக்கப் அங்கிள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது நான் கம்ப்யூட்டர்களை இரண்டாயிரமாம் வருஷத்துக்குத் தயார் செய்யும் ஒய்டூகே வேலையில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"மணி, சாப்பாட்டு மேஜை மேல ஒரு அட்டைப்பெட்டி இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஜெபாலயத்துல குடுத்துடணும். ரெண்டு மணிக்குப் புதைக்கிறாங்க. இதை விட்டா மறுபடி எப்பவோ. அதுல எங்கப்பாவோட பிரார்த்தனைப் புத்தகம் இருக்கு."

"அதைப் போய் ஏன் அங்கிள் புதைக்கணும்? வெச்சுக்கலாமே."

"கடைசிப் பக்கத்துல பத்தொன்பது பேர் பேரு எழுதியிருக்கேன். அவங்களுக்குக் குழி இல்ல. இதுதான் அவங்களுக்குக் குழி. நான் இருக்கிறப்பவே ஆகணும். இந்த இடுப்பைப் பார்த்தா எனக்கு நம்பிக்கை இல்ல."

"கவலைப்படாதீங்க அங்கிள். நான் பார்த்துக்கிறேன்," என்றேன். நம்மவர்களுக்கு இந்த வாக்கியம் வாயில் எப்போதும் தயாராக இருக்கும்.

அந்த ஞாயிறு பக்கத்து ஊர் எடிசனில், ஒரு பள்ளிக்கூடத்தில், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழா. முந்நூறு பேருக்குச் சாப்பாடு. நான் சாப்பாட்டுக் கமிட்டி. காலையில் பெட்டியை டிக்கியில் வைத்தேன். வழியில் கொடுத்துவிட்டுப் போவதாகத் திட்டம். அதற்குள் செந்தில், எங்கள் சங்கத்தின் ஆஸ்தான சமையல்காரன், போனில் கத்தினான்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? சாம்பார் வாளி எல்லாம் ரெடி, ஏத்த வண்டி இல்ல. என் வேன் மக்கர் பண்ணுது. நேரா இங்க வாங்கண்ணே!"

நேராகப் போனேன். இரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டு வாளி சாம்பாரைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றினோம். மூடியைக் கட்டுவதற்குக் கயிறு இல்லை. "மெதுவா ஓட்டுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது," என்றான் செந்தில். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் முன்னால் போனவன் சடன் பிரேக் போட்டான். பின்னால் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பள்ளி வாசலில் டிக்கியைத் திறந்தபோது ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. அட்டைப்பெட்டி அடியோடு ஊறி, பருப்பும் முருங்கைக்காயுமாக இருந்தது.

மணி பதினொன்று. அப்போதே ஜெபாலயத்துக்குப் போய், கெட்டது கெட்டுவிட்டது, மன்னியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் துடைத்துவிட்டுப் புதைத்திருப்பார்கள். நான் டிக்கியை மூடிவிட்டு மீதி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். சாம்பார் பத்தாமல் போய்விடுமே என்பதுதான் அந்த நேரத்தில் என் கவலை. சாயங்காலம் எனக்குப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள்.

4

இரண்டு நாள் பெட்டி டிக்கியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் கராஜில் வைத்துப் பிரித்தேன். ஐந்து புத்தகங்கள். கறுப்பு அட்டை போட்டது ஒன்று, அதுதான் அப்பாவுடையது. பக்கங்கள் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தன. பழந்துணியால் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். பிரித்தால் கிழிந்தது. கடைசிப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நூவர்க்கில் கிரீன் கார்டுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். அங்கிருந்த அம்மாள் என் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன இது, பெயின்டா?" என்று கேட்டாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். "சமையல்," என்றேன். டிஷ்யூவைக் கொடுத்து நன்றாகத் துடைத்துவிட்டு வரச் சொன்னாள். அங்கே கழிவறையில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் முதல் முறையாக அழுகை வந்தது. புத்தகத்துக்காக அழுதேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மாட்டிக்கொள்வோமே என்ற பயம்.

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் புலம்பினேன்.

"ஏனுங்க, இதுக்குப் போயி இப்படி ஒடிஞ்சு உக்காரலாமா? நம்ம ஊர்ல பழைய சாமி படம், கிழிஞ்ச பஞ்சாங்கம் எல்லாம் என்ன பண்ணுவோம்? ஆத்துல விட்டுருவோம்ல. ஓடற தண்ணில விட்டா தோஷமே கிடையாதுங்க. கங்கையும் ஒண்ணுதான், கால்வாயும் ஒண்ணுதான்."

அவளைக் குறை சொல்லி ஒன்றுமில்லை. அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். கரூரில் எங்கள் வீட்டு உடைந்த பிள்ளையாரைக்கூட அமராவதியில்தான் விட்டார்கள். எனக்கோ அந்த யோசனை ரொம்ப வசதியாக இருந்தது. யாரையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், பக்தியும் குறையாது.

மறுநாள் விடிந்ததும் பிரின்ஸ்டன் பக்கத்துக் கால்வாய்க்குப் போனேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விட்டேன். அந்தக் கால்வாய் ஓடவில்லை. சும்மா கிடந்தது. நான்கு புத்தகங்கள் மூழ்கின. கறுப்பு அட்டைப் புத்தகம் மூழ்காமல் கரையோரமாகவே திரும்பத் திரும்ப வந்தது. ஒரு குச்சியை எடுத்துத் தள்ளினேன். மறுபடி வந்தது. குச்சியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் "குட் மார்னிங்" சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே "குட் மார்னிங்" சொன்னேன், குச்சியை எடுக்காமல்.

5

அன்று சாயங்காலமே, ஆபரேஷன் முடிந்து தெளிந்த அங்கிளிடமிருந்து போன் வந்தது. "ஆச்சா?"

"ஆச்சு அங்கிள்."

"எந்தப் பக்கம் புதைச்சாங்க?"

"பின்பக்கம், சுவரோரமா," என்றேன். கல்லறையை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. என் கெட்ட நேரம், நிஜமாகவே சுவரோரமாகத்தான் மற்றவர்களின் புத்தகங்களைப் புதைத்திருந்தார்கள். பொய் அப்படியே உண்மைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வருஷம் அவர் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியதும் என்னை அழைத்தார். அவர்களுடைய வருஷப் பிறப்புக்கும் பெரிய விரத நாளுக்கும் நடுவிலுள்ள பத்து நாட்களில் செத்தவர்களைப் போய்ப் பார்ப்பது வழக்கமாம். கயலும் ஒட்டிக்கொண்டாள். புல் முளைத்திருந்த அந்த மண்ணின் முன்னால் நின்று அவர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். புத்தகமில்லாமலே பத்தொன்பதும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். குனிய முடியாததால் கயல் வைத்தாள். பூ வைக்க மாட்டார்கள், கல்தான்.

"ஒய் ஸ்டோன்ஸ், அங்கிள்?"

"பூ வாடிடும். யாரோ வந்தாங்கன்னு கல்லுதான் நின்னு சொல்லும்."

வீட்டில் ஐந்து குறள் சொல்லச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடுகிற பெண், மூன்றாம் வருஷம் அவரோடு சேர்ந்து பத்தொன்பது பெயர்களையும் தானே சொன்னாள். வாயில் நுழையாத பெயர்கள். அவருடைய தங்கை ஒருத்திக்கு நான்கு வயதாம். அந்தப் பெயர் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவாள். நான் நாலடி தள்ளி, காரின் சாவியை உருட்டிக்கொண்டு நின்றேன்.

நடுவில் பிட்ஸ்பர்க் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு போய் வந்தேன். அர்ச்சனை, அங்கப்பிரதட்சிணம் எல்லாம் செய்தேன். வரும் வழியில் மனசு லேசாக இருந்தது. வீட்டு வாசலில் ஜேக்கப் அங்கிளைப் பார்த்ததும் மறுபடி கனத்துவிட்டது.

6

போன மாதம், மூன்றாம் முறை போய்த் திரும்பும்போது, காரில் கயல் கேட்டாள். "அங்கிள், ஆன் த பிக் ஃபாஸ்ட், காட் ஃபர்கிவ்ஸ் எவ்ரிதிங்?"

"கடவுளுக்குச் செஞ்ச தப்பை அவர் மன்னிச்சுடுவார். அது சுலபம், ஒரு நாள் பட்டினி. மனுஷனுக்குச் செஞ்ச தப்புல அவர் தலையிட மாட்டார். அந்த மனுஷன்கிட்டயே போய்க் கேக்கணும். அவன் முடியாதுன்னா, மூணு பேரைக் கூட்டிட்டுப் போய் அவங்க முன்னாடி கேக்கணும். அப்பவும் முடியாதுன்னா மறுபடி. மூணு தடவை வரைக்கும்."

கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுட்டது.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். சாம்பார், கராஜ், கால்வாய், எல்லாம். எங்கள் வழக்கம் அப்படி அங்கிள் என்று நடுவில் ஒரு சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தி அதை மட்டும் நிறுத்தினார்.

ஒன்று மட்டும் கேட்டார். "மூழ்கிச்சா?"

"உடனே இல்ல அங்கிள்."

"அப்புறம்?"

"குச்சியால அமுக்கினேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். "என்னை மன்னிச்சுடுங்க," என்றேன்.

"முடியாது மணி. இன்னிக்கு முடியாது." எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். "விரதத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. மூணு பேரோட வா."

7

யாரைக் கூட்டிப் போவது? மல்லிகா ஒருத்தி, செந்தில் ஒருத்தன். செந்திலிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் எடிசன் முழுக்கத் தெரிந்துவிடும் என்று தெரிந்தே கூப்பிட்டேன். மூன்றாவது ஆளாக ஆபீஸ் சிநேகிதர் ஒருவரை இழுக்கலாமா என்று யோசித்தேன். மல்லிகா என்னை முறைத்தாள்.

"மூணு வருஷம் கல்லு வெச்சது யாருங்க? ஆபீஸ்காரனா?"

கயலிடம், "அங்கிளைப் பார்த்துட்டு வரலாம்," என்று மட்டும் சொல்லி அழைத்துப்போனேன். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். செந்தில் பாதியிலேயே, "அய்யய்யோ, என் சாம்பாராண்ணே?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். முடித்தபோது அங்கிள் வகுப்பறையில் கேட்பதுபோல, "இதுல யாருக்கு இது புதுசு?" என்று கேட்டார்.

செந்தில் கையைத் தூக்கினான். கயலும் தூக்கினாள். கீழே இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினார். "மணி, என் பங்கை நான் மன்னிச்சுட்டேன். நீ போகலாம். அந்தப் பத்தொன்பது பேரோட பங்கை மன்னிக்க எனக்கு உரிமை இல்ல. அவங்ககிட்ட நீ கேக்கவும் முடியாது. அது உன்கிட்டயே இருக்கும், வெச்சுக்கோ. இந்தக் குழந்தையோட பங்கு ஒண்ணு இருக்கு. அது என்கிட்ட இல்ல."

நான் அவர் காலைத் தொடப் போனேன். "எழுந்திரு," என்றார். வரும்போது செந்தில் வாசலிலேயே நின்று, "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே," என்றான். அவன் சொன்னாலும் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது, ஏனென்றால் தெரியக் கூடாதவளுக்குத் தெரிந்துவிட்டது.

கயல் எங்களுக்கு முன்னால் போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

8

மறுநாள் காலை ஸ்கூல் பஸ் நிற்கிற முனைக்கு அவளோடு நடந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணோடு அப்பா நடந்து வருவது அவளுக்குப் பிடிக்காது. அன்று தடுக்கவில்லை. பாதி வழியில் கேட்டாள்.

"வென் வீ ஸ்டுட் தேர், அப்பா... நீ பின்னாடி நின்னுட்டு என்ன நெனச்சுட்டு இருந்தே?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையைத்தான் சொன்னேன். "சீக்கிரம் முடியணும்னு நெனச்சேன் கண்ணு."

தலையை ஆட்டினாள். பஸ் திரும்புவது தெரிந்தது. இனி தாமதிக்க முடியாது.

"அப்பாவை மன்னிச்சுடு கயல்," என்றேன்.

"மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. பையைத் தோளில் சரிசெய்துகொண்டு ஏறினாள். கதவு மூடுவதற்கு முன் படியில் நின்று திரும்பி, ஓட்டுநருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"ஒரு தடவை ஆச்சுப்பா."